மாமன் துவக்குச் சுழற்றிய இடம்

மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடிய சாமத்தியவீட்டு வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பாய் என்று நகுலேஸ்வரியைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. முதல் தடவை தன் சேலையைப் பார்த்தாள். அடுத்த தடவை மற்றவர்களின் சேலைகளைப் பார்த்தாள். பிறகு, யார் சாப்பிடாமல் போனார்கள், யார் வாய் நிறைய வாழ்த்திவிட்டுத் திரும்பி நின்று முகம் சுளித்தார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தாள். லண்டனில் பெண் பிள்ளை பெற்ற எந்தத் தாயும் செய்கிற வேலைதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் புதன்கிழமை மத்தியானம், வால்தம்ஸ்டோ வீட்டு முன்னறையின் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்தது யாருடைய சேலையையும் இல்லை. புருஷனைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்ற அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புருஷன் கிருஷ்ணராசா மணவறை வாடகைக்கு விடுகிறவர். தூண், தோரணம், சிவப்பு வெல்வெட் சிம்மாசனம், தெர்மோகோல் யானை என்று லண்டன் தமிழ்ச் சனத்தின் கொண்டாட்டத்துக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உள்ள கராஜில் அடைந்து கிடக்கும். ஊரார் பிள்ளைகளை எல்லாம் பல்லக்கில் ஏற்றியவர் தன் பிள்ளையை எதில் ஏற்றுவது என்று ஒரு வருடமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். பல்லக்கு எல்லாரும் பார்த்துச் சலித்தது. கண்ணாடி வண்டியில் போன வருடம் ஒருத்தர் மகளைக் கொண்டுவந்துவிட்டார். இன்னொருத்தர் ஹெலிகொப்டருக்கே விசாரித்துப் பார்த்தார், நல்லகாலம் இறக்க இடம் கிடைக்கவில்லை. இந்தப் போட்டிக்கு முடிவே இல்லை. இதை மானம் என்று நினைக்கிறவர்களிடம் வாயைக் கொடுத்து மீளவும் முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் எசெக்ஸ் பக்கம் ஒரு கிளப்பை மூடினார்கள். வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் கௌபாய் உடுப்புப் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் ஆடிக் களித்த இடம். அங்கிருந்த மரவண்டி, சக்கரங்கள், குதிரைச் சேணம், தொப்பிகள், விளையாட்டுத் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் ஒரே குத்துமதிப்பில் வாங்கி, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய கிருஷ்ணராசாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நகுலேஸ்வரி கலியாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"நகுலா, லண்டனிலை ஒரு தமிழனும் செய்யாத என்ட்ரி. பாரும், நாளைக்கு எல்லாரும் என்னட்டைத்தான் வரப்போகினம்."

பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிகளுக்கு நடுவே, கொஞ்சம் பாரமான ஒன்றும் கிடந்தது. ஒரு முழத்தைவிடச் சற்று நீளம். மரப்பிடி. விசைக்குக் கீழே விரல்களை நுழைக்கிற மாதிரி ஒரு பெரிய வளையம். அந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் அடுத்த வெடிக்கு ஆயத்தமாகும். பழைய கௌபாய்ப் படங்களில் தொடையில் கட்டிக்கொண்டு திரிவார்களே, அது. பொம்மைகளுக்கு நடுவில் கிடந்தது பொம்மையாகத்தானே இருக்க வேண்டும்? கிருஷ்ணராசா அதைத் துடைத்து, கறுப்பு வார்னிஷ் அடித்து, மச்சான் சயந்தனுக்கென்று எடுத்து வைத்தார்.

சயந்தன் நகுலேஸ்வரியின் தம்பி. அவள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கைக்குழந்தை. போன வருடம்தான் வன்னியிலிருந்து, காசு வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலமாக வந்து சேர்ந்தான். அகதி வழக்குக் குரோய்டனில் கிடக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் சாமத்தியவீடு செய்கிற குறை தனக்கு இல்லை என்று அவன் வந்த அன்றே நகுலேஸ்வரி அழுது தீர்த்துவிட்டாள். ஆகவே மண்டபக் கதவு திறந்ததும், மரவண்டியில் பட்டுச்சேலையோடு கோதை உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வேட்டிக்கு மேலே வெயிஸ்ட்கோட்டும் தலையில் கௌபாய்த் தொப்பியுமாகத் தாய்மாமன் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். முந்நூறு பேரும் எழுந்து நின்று விசிலடித்தார்கள். வீடியோக்காரர் அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் மேளம் போட்டு, நெருப்பு எரிகிற மாதிரி எழுத்தில் 'தாய்மாமன்' என்று போட்டுத் தந்தார். டிவிடி கனடாவுக்குப் போனது, பாரிசுக்குப் போனது, சுவிசுக்குப் போனது. எல்லாரும் அந்த இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

போன சனிக்கிழமைவரைக்கும் அது அவர்களுடைய பெருமையாக இருந்தது.

அன்றைக்குத்தான் மெய்யப்பன் என்பவர் தன் மகளின் கலியாணத்துக்கு மணவறை பார்க்க வந்தார். மெய்யப்பன் மலேசியத் தமிழர். மாணவனாக வந்து, வக்கீலாகி, தெற்கு லண்டன் சட்டனில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். நகுலேஸ்வரி தேத்தண்ணீர் கொண்டுபோனபோது கிருஷ்ணராசா கராஜுக்குள் ஆணியில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துத் தன் சாதனையை விளக்கிக்கொண்டிருந்தார். மெய்யப்பன் இரண்டடி பின்னால் போனார்.

"கீழ வைங்க. முதல்ல அதைக் கீழ வைங்க."

கிருஷ்ணராசா சிரித்தார். "பயப்பிடாதையுங்கோ, இது விளையாட்டுச் சாமான்."

"விளையாட்டுச் சாமான்னா குழாயை அடைச்சிருப்பாங்க. இது அடைக்கல. நம்பர் வேற குத்தியிருக்கு பாருங்க." கையால் தொடாமல், குனிந்து, பக்கத்திலிருந்து பார்த்தார். "இந்த மாதிரி ஒரு வழக்கு நான் நடத்தியிருக்கேன். அளக்க எதாவது இருக்கா?"

வீட்டில் அகப்பட்டது கோதையின் பள்ளிக்கூட அடிமட்டம். முப்பது சென்டிமீட்டர். மெய்யப்பன் சொல்லச் சொல்லக் கிருஷ்ணராசா அதைக் குழாயின் மேலே வைத்தார். குழாய் முடிந்த பிறகும் அடிமட்டம் ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது.

"இதே துப்பாக்கி நீளமா இருந்திருந்தா போலீஸ்ல சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கலாங்க. கிளப்புல சுடலாம். முப்பதுக்குக் குறைஞ்ச குழாய்ன்னா சர்டிபிகேட் கிடையாது. கடையில கிடையாது, கிளப்புல கிடையாது, யாருக்கும் கிடையாது. வச்சிருந்தாலே குறைஞ்சது அஞ்சு வருஷம். தெரியாம வச்சிருந்தேன்னு சொன்னா அது பதிலே இல்லை."

"நான் கொண்டுபோய் ஒப்படைச்சா?"

"ஒப்படைக்கிற நிமிஷம் வரைக்கும் வச்சிருந்தீங்க, இல்லையா?" மெய்யப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அஞ்சுக்குக் கீழ போகணும்னா ஜட்ஜ் ரொம்ப விசேஷமான காரணம் பார்க்கணும். எங்க நாட்டுல இதுக்குக் கழுத்துல கயிறுங்க. அதனாலதான் நான் இதைத் தொடவே மாட்டேங்கிறேன். இன்னொண்ணும் யோசிங்க. நீங்க சிலோன் தமிழர். உங்க ஊர்ல சண்டை நடக்குது, இங்க இயக்கத்தைத் தடை பண்ணியிருக்கு. உங்க கராஜ்ல துப்பாக்கின்னா முதல்ல என்ன கேப்பாங்க?"

அவர் போன பிறகு தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது. கிருஷ்ணராசா தெர்மோகோல் யானையின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யானையின் தும்பிக்கை முறிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரமே அமெரிக்காவில் இருக்கிற தமையன் சண்முகராசாவுக்குப் போன் எடுத்தார். டெக்சாசில் இருந்துகொண்டு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கே அழுகிறாய்? இஞ்சை கடையிலை வாங்கலாமடா. பக்டரியிலை கட்டையாச் செய்தா அது கைத்துவக்கு, பிரச்சினை இல்லை. நீட்டுத் துவக்கை நீ வெட்டிக் கட்டையாக்கினாத்தான் பிடிப்பாங்கள். அதுவும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம். இஞ்சை இடுப்பிலை கட்டுறதை அடுத்த மாநிலத்திலை காரிலை கொண்டு போகேலாது."

"அண்ணை, நான் இருக்கிறது லண்டன்."

"அப்ப உன்ரை பாடு கஷ்டம்தான்," என்று அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

ஒரே இரும்பு, ஒரே மரப்பிடி. அங்கே கடையில் அடுக்கி விற்கிறார்கள், இங்கே ஐந்து வருடம். கிருஷ்ணராசாவுக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. ஒரு பைக்குள் சுற்றி லீ ஆற்றில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழும்பினார். நகுலேஸ்வரிதான் மறித்தாள்.

"துவக்கை ஆத்திலை போடுவியள். கனடாவிலை இருக்கிற டிவிடியை எங்கை கொண்டுபோய்ப் போடுவியள்? உங்கடை கையிலையும் தம்பியின்ரை கையிலையும் இருக்கிறதை உலகமே பாத்திட்டுது."

அவர் திரும்ப உட்கார்ந்தார். வீடு முழுக்கக் கதவு இருந்தும் வெளியே போக ஒரு வழியும் இல்லாத மாதிரி இருந்தது அவளுக்கு. வைத்திருந்தால் குற்றம். கொடுத்தாலும் குற்றம். எறிந்தால் எறிந்த குற்றமும் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மெய்யப்பன் போன் எடுத்தபோது அவருடைய குரலில் தெம்பு இருந்தது. நீங்கள் பயப்படுகிற அந்த வீடியோதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது என்றார். நிஜத் துப்பாக்கி என்று தெரிந்த எவனாவது முந்நூறு பேருக்கு முன்னால், பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில், அதைச் சுழற்ற விடுவானா? விசேஷமான காரணத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வெட்டாத, மேளம் போடாத மூல வீடியோவை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள், பிறகு நானே போலீசைக் கூப்பிடுகிறேன் என்றார். கிருஷ்ணராசா அன்றைக்குத்தான் சோறு சாப்பிட்டார்.

அந்த மூல வீடியோதான் இப்போது முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. வண்டி வந்தது. கோதை குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். சயந்தன் அத்தானிடமிருந்து துப்பாக்கியை இடக்கையால் வாங்கினான், ஒரு சுற்றுச் சுற்றினான். நகுலேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். ஓரத்தில் நின்று கைதட்டுகிறார், பாவம், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நல்லது. இதைப் பார்த்தால் எந்த நீதவானும் இரங்குவார். அடுத்ததாகத் தம்பியைப் பார்த்தாள்.

சயந்தனின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. அவன் உடம்பை வண்டியின் மறுபக்கம் திருப்பினான், பிள்ளைக்குத் தோளைக் காட்டி. குழாயைத் தரைக்குத் தாழ்த்தினான். கை வளையத்தைக் கீழே தள்ளியது. ஏதோ ஒன்று துள்ளியது, அவன் கை அதை எட்டிப் பிடித்தது, வெயிஸ்ட்கோட் பாக்கெட்டுக்குள் போனது. ஒரு கண்ணால் உள்ளே பார்த்தான். வளையத்தை மூடினான். திரும்பி நின்று சிரித்துக்கொண்டு சுழற்றினான்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த இடத்தைத்தான் வீடியோக்காரர் ஸ்டைல் என்று நினைத்து மெதுவாக ஓடவிட்டிருந்தார். உலகமே திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாரும் தொப்பியைப் பார்த்தார்கள்.

அவள் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். படம் பார்த்துப் பழகிய கை இல்லை அது. தான் தேங்காய் உடைக்கிற மாதிரி, நினைக்காமலே வேலை செய்கிற கை. நகுலேஸ்வரி வீடியோவை நிறுத்தினாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

சயந்தன் குரோய்டனில் ஒரு அறையில் இருந்தான். அறையில் மற்றப் பெடியன்கள் இருந்ததால் இருவரும் இறங்கி வந்து டிராம் நிற்கிற இடத்து மர வாங்கில் உட்கார்ந்தார்கள். அவனை நேர்காணல் செய்த பெரிய அரசாங்கக் கட்டடம் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அவன் அதற்கு முதுகு காட்டித்தான் எப்போதும் உட்காருவான்.

"தம்பி, பாக்கெற்றுக்குள்ளை என்ன வச்சனி?"

அவன் என்ன பாக்கெட் என்று கேட்கவில்லை. "கண்டிட்டியளே," என்றான்.

"என்ன எண்டு கேக்கிறன்."

"ரவை. சுடுற குண்டு ஒண்டு உள்ளுக்கை ஏறினபடி இருந்தது, அக்கா. கையிலை வாங்கேக்கையே பாரம் பிழைச்சுது. திறந்து பாத்தா இருக்கு."

ஒரு டிராம் வந்து நின்று போனது. நகுலேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பிள்ளை பக்கத்தில் இருந்தாள். சிரித்துக்கொண்டு இருந்தாள்.

"ஏனடா அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு முதல் ஆளா நீங்கள்தானே கேட்டிருப்பியள்."

அவள் கேட்டிருப்பாள்தான். இப்போதும் கேட்டாள். அவன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் வந்து பிடித்துக்கொண்டு போனது. சில மாதம் காட்டுக்குள் பயிற்சி. ஒரு விடியற்காலை ஓடிவந்தான். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், போனில் கதைக்கிற கதை இல்லை என்று அம்மா சொல்லியிருந்தா.

"இன்டர்வியூவிலை, ஆயுதம் தொட்டிருக்கிறியோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான்."

"ஏன்? பிடிச்சுக்கொண்டு போனவை எண்டு உள்ளதைச் சொல்லியிருக்கலாமே."

"ஏஜென்சிக்காரன் விடேல்லை. ஓம் எண்டா பயங்கரவாதி எண்டு கட்டி அனுப்பிப்போடுவாங்கள் எண்டான். எத்தினை தரம் சொல்ல வச்சவன் தெரியுமே. கண்ணைப் பாத்துச் சொல்லு, கண்ணைப் பாத்துச் சொல்லு எண்டு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பேந்து அத்தானிட்டைச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். நாளைக்கு நாளைக்கு எண்டு போட்டுது. ரவை இல்லைத்தானே, கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். ரவையை அண்டைக்கே தேம்சுக்குள்ளை போட்டன்."

நகுலேஸ்வரி அவனுக்கு மற்றதைச் சொன்னாள்: வக்கீல், அடிமட்டம், ஐந்து வருடம், நாளைக்கு வீடியோ கொடுக்க வேண்டும்.

"குடுங்கோ, அக்கா. அத்தானுக்குப் பிள்ளை இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்?"

"எனக்கு நீ இருக்கிறாயடா, விசரா," என்று அவன் முதுகில் அடித்தாள். அடித்த கையால் அவனைக் கட்டிக்கொண்டு அந்த வாங்கிலேயே அழுதாள். டிராமுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரி எழுந்து தள்ளிப் போய் நின்றாள்.

வால்தம்ஸ்டோவுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். வீடியோவைக் கொடுக்காவிட்டால் புருஷன் போவார். கொடுத்து, அதில் ஒரே ஒருத்தன் அந்தக் கையைக் கவனித்துவிட்டால் தம்பி போவான், பொய் சொன்னவன், ஆயுதம் தெரிந்தவன் என்று ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். ஊரில் இப்போது நடக்கிற சண்டைக்குள் அவனை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அதோடு துப்பாக்கிக்குள் ரவை இருந்தது என்று வெளிவந்தால் புருஷன் பாடும் மோசம்தான். உண்மை ஒருவரையும் காப்பாற்றாது. பொய்யும் முழுதாகக் காப்பாற்றாது. எல்லாரும் தொடர்ந்து தொப்பியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வழி. புருஷனிடம் அவள் மூச்சுக் காட்டவில்லை. அந்த மனிதருக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது.

வியாழக்கிழமை மெய்யப்பனின் அலுவலகத்தில் மூன்று பேருமாகக் கணினியில் பார்த்தார்கள். வண்டி வந்ததும் மெய்யப்பன் வாய்விட்டுச் சிரித்தார். நகுலேஸ்வரி திரையைப் பார்க்காமல் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது. அவருடைய கண் அசையவில்லை. அந்த இடம் போனது.

"உங்க தம்பி எவ்வளவு ஜாலியா இருக்காரு பாருங்க! மனசுல பயம் உள்ளவன் இப்படிச் செய்வானா? இவருதாங்க நமக்கு முக்கியமான சாட்சி. ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிடுவோம்."

"ஓம், ஓம், தம்பி வருவான்," என்றார் கிருஷ்ணராசா. "அவன் தங்கமான பெடியன்."

மெய்யப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "இதைப் போலீஸ்கிட்டக் கொடுத்தா ஒவ்வொரு நொடியா நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாங்க. நான் தெரிஞ்சுக்க வேண்டியது எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கேட்டது இருவரையும் பார்த்துத்தான். ஆனால் நகுலேஸ்வரிக்கு அவர் தன்னை மட்டும் கேட்ட மாதிரி இருந்தது. கிருஷ்ணராசா தலையாட்டினார், பாவம், அவருக்குத் தெரிந்த அளவில் அது சத்தியம்.

"ஒண்டும் இல்லை," என்றாள் அவள்.

அன்று பின்னேரம் போலீஸ் வந்தது. கராஜை நாடா கட்டி மூடினார்கள். சிம்மாசனத்தின் வெல்வெட்டைக் கிழித்துப் பார்த்தார்கள், யானையின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சனம் ஜன்னலில் நின்றது. கிருஷ்ணராசாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் பிணையில் வந்தபோது, காவலில் கழற்றி வாங்கியிருந்த சப்பாத்து நாடாவைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டிக்கொள்ளும்படி அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை போலும்.

"இயக்கத்துக்குக் காசு குடுத்தனியோ எண்டு கேட்டாங்கள், நகுலா. ஆர் ஆர் வீட்டுக்கு வாறவை எண்டு கேட்டாங்கள். நான் தம்பியைச் சொன்னன். அவன் வந்து நடந்ததைச் சொல்லுவான் எண்டு சொன்னன். அவன் சொன்னாக் காணும், எல்லாம் சரி வரும்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் போர்வையை இழுத்து அவருடைய முதுகை மூடினாள். அவரை ஏமாற்றுகிறோம் என்றும் இருந்தது, அவரைத்தான் காப்பாற்றுகிறோம் என்றும் இருந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. போலீஸ்காரி ஒருத்தி, நல்ல தன்மையான குரல். வீடியோ பார்த்தார்களாம். வண்டியில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தது உங்கள் மகள்தானே? நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து அவளோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, நீங்களும் பக்கத்தில் இருக்கலாம்.

கோதை பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, குசினி மேசையில் ஏறி இருந்து ஜாம் பூசிய பாண் சாப்பிட்டாள். வீட்டில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. நகுலேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். அப்பா தெரியாமல் வாங்கினார், அதைப் பற்றி ஒருத்தி வந்து கேட்பாள், நடந்ததைச் சொன்னால் போதும் என்றாள். சொல்லும்போது அவளுக்கு அதில் ஒரு பயமும் இருக்கவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும்?

கோதை மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"அம்மா, மாமா எடுத்ததையும் சொல்லட்டா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நகுலேஸ்வரி தண்ணீர்க் குழாயை மூடினாள். "என்ன எடுத்தவர்?"

"அந்தத் துவக்குக்குள்ளை இருந்து. ஒண்டு பாய்ஞ்சு வந்தது, மாமா பிடிச்சு பாக்கெற்றுக்குள்ளை வச்சவர். நான் மஜிக் எண்டு நினைச்சன். பிறகு என்னைப் பாத்துக் கண்ணடிச்சவர்." அவள் சிரித்தாள். "மாமாவும் நானும் மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வீடியோவில் அந்தக் கண்ணடிப்பு இல்லை. திரும்புகிற அந்தக் கணம் அவனுடைய முகம் பிள்ளைப் பக்கம் இருந்தது. கமராவுக்கு எட்டாததும் தெரிகிற இடத்தில் பிள்ளை இருந்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நகுலேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே கிருஷ்ணராசா இருமுகிற சத்தம் கேட்டது.

"நீ ஒண்டும் காணேல்லை, பிள்ளை."

"பட், நான் பாத்தனான்."

"பாத்தனி. ஆனா காணேல்லை எண்டு சொல்லோணும்."

கோதை தாயை வினோதமாகப் பார்த்தாள். பொய் சொன்னதற்காக இதே குசினியில் இதே தாயிடம் அடி வாங்கியிருக்கிறாள். "வை?"

"சொன்னா மாமாவைக் கொண்டு போயிடுவினம். அப்பாவையும் கொண்டு போயிடுவினம்."

"மாமா நல்லதுதானே செய்தவர்?"

"ஓம். நல்லதுதான் செய்தவர்." அதற்கு மேல் விளக்கம் சொல்ல நகுலேஸ்வரிக்குத் தெரியவில்லை. நல்லது செய்தவரை ஏன் கொண்டு போவார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டதுதான் தாயை இன்னும் கொன்றது. "அந்தப் போலீஸ்காரி கேக்கிற மாதிரி நான் கேக்கிறன். நீ சொல்லு, பாப்பம். மாமா துவக்கை என்ன செய்தவர்?"

"ஹீ ஜஸ்ட் ஸ்பன் இட்."

"வேறை?"

"ஐ டிடின்ட் சீ எனிதிங்." சொல்லும்போது பிள்ளையின் பார்வை நழுவி, கையிலிருந்த பாண் துண்டில் விழுந்தது.

நகுலேஸ்வரி கிட்டப் போனாள். மகளின் நாடியில் கை வைத்து முகத்தை நிமிர்த்தினாள். அன்றைக்கு மண்டபத்தில் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தபோதும் இப்படித்தான் நிமிர்த்தினாள்.

"கண்ணைப் பாத்துச் சொல்லு. இன்னொருக்கால்."

சொன்ன பிறகுதான், அது குரோய்டன் வாங்கில் தம்பி சொன்ன ஏஜென்சிக்காரனின் சொல் என்பது அவளுக்கு உறைத்தது. வாயில் வந்ததைத் திருப்பி எடுக்க முடியவில்லை. எடுத்தாலும் வேறு என்ன சொல்லிக் கொடுப்பது?

கோதை கெட்டிக்காரி. இந்தத் தடவை ஒரு தடுமாற்றமும் இல்லாமல், தாயின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நகுலேஸ்வரிதான் பார்வையைக் கீழே போட்டாள்.